டைப் மட்டும் அடித்தவர்களுக்கு

டெல்லியில் மத்திய அரசு வேலை பார்த்து ஓய்வுபெற்ற தமிழ்ப் பெரியவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை மலை மந்திர் முருகன் கோயில் வாசலில் உங்களில் மூன்று பேர் பேசிக்கொண்டிருந்தீர்கள். எமர்ஜென்சியில் ரயிலெல்லாம் நேரத்துக்கு வந்ததாம், ஆபீசில் பத்து மணிக்கே எல்லோரும் சீட்டில் இருந்தார்களாம். செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டேன். அங்கேயே பதில் சொல்ல வாய் வரவில்லை.

என் அப்பாவும் உங்களில் ஒருவர். ஸ்டெனோ. 1976-இல் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம், எனக்கு எட்டு வயது. குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள், அதாவது ‘கேஸ்’, பிடித்து வரச் சொல்லி வாத்தியார்களையும் குமாஸ்தாக்களையும் விரட்டிய வருஷம். அப்பாவின் செக்‌ஷனில் மூன்று பிள்ளை பெற்ற பியூன் ஒருவர் இருந்தார். ஆபரேஷன் சான்றிதழைக் காட்டும்வரை அவருக்குச் சம்பளம் கிடையாது என்ற உத்தரவை டைப் அடித்தது அப்பாதான். ஒரிஜினல் ஒன்று, கார்பன் காப்பி இரண்டு. அன்று ராத்திரி ரசம் சாதத்தைப் பிசைந்து வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். விரல் நுனியில் கார்பன் கறை போகவில்லை. தீபாவளிக்கு எனக்கு மத்தாப்பு கொண்டுவருகிறவர் அந்த பியூன். அந்த வருஷம் அவர் வரவில்லை.

“நான் டைப்தானே அடிச்சேன்.” எண்பது வயதிலும், யாரும் கேட்காமலே, அப்பா இதைச் சொல்வார்.

முடியாது என்று சொல்லியிருக்கலாமே என்று ஐம்பது வருஷம் கழித்து வீரம் பேச எனக்கு யோக்கியதை இல்லை. வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். விசாரணை இல்லாமல் உள்ளே தள்ளப்பட்டவர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று 1976 ஏப்ரல் 28 அன்று நான்கு நீதிபதிகள் தீர்ப்பு எழுத, மாட்டேன் என்றவர் எச்.ஆர். கன்னா ஒருவர்தான். 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி ஜூனியரைத் தலைமை நீதிபதி ஆக்கினார்கள்; அவர் ராஜினாமா செய்தார். உச்ச நீதிமன்றத்திலேயே அந்தக் கதி என்றால் ஸ்டெனோ எந்த மூலை?

சரி, பயந்தீர்கள். அதை ஏன் ரயில் நேரத்துக்கு வந்த கதையாக மாற்றுகிறீர்கள்? பழைய டெல்லி துர்க்மான் கேட்டில் வீடுகளை இடித்து, தடுத்தவர்களைச் சுட்டதும் அதே ஏப்ரலில்தான். எமர்ஜென்சி அறிவித்த 1975 ஜூன் 25 ராத்திரி பகதூர் ஷா ஜஃபர் மார்க் பத்திரிகைகளுக்குக் கரண்ட் நின்றதே, அந்த சுவிட்சை அணைத்ததும் மாதச் சம்பளக்காரர் ஒருவரின் கைதான்.

எமர்ஜென்சி அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷனின் அறிக்கை கண்ணில் படாமல் போனபோது, தன்னிடம் இருந்த பிரதியைக் கொண்டு 2010-இல் அதை மறுபடி அச்சுக்குக் கொண்டுவந்தவர் நம் முன்னாள் எம்.பி. இரா. செழியன். நீங்களும் எழுதி வையுங்கள். எந்த மேஜையில் என்ன காகிதம் வந்தது, வீட்டுக்கு வந்து என்ன சொன்னீர்கள், என்ன சொல்லவில்லை. யார் பெயரும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். கை நடுங்கினால் சொல்லுங்கள், ஞாயிறு மாலைகளில் நான் வந்து எழுதித் தருகிறேன்.

அப்பாவிடம் ஒன்று கேட்காமல் விட்டுவிட்டேன். அந்த செக்‌ஷனில் இருந்தவர் யாராவது இதைப் படித்தால், பியூனுக்கு எந்த மாதம் சம்பளம் வந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டெனோவின் மகன்