பசியைக் கணக்கெடுப்பதை நிறுத்தலாமா?

ஆசிரியருக்கு,

வீடுகளின் உணவுப் பற்றாக்குறை குறித்த ஆண்டறிக்கையை நிறுத்துவதாக அமெரிக்க வேளாண் துறை 2025 செப்டம்பரில் அறிவித்தது பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். மனசு கேட்கவில்லை. 2023-இல் அமெரிக்க வீடுகளில் 13.5 சதவீதம் உணவுப் பற்றாக்குறையில் இருந்தன. லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் குடும்பங்களில் அது 21.9 சதவீதம். இந்த இடைவெளியைக் காட்டியதே அந்த அறிக்கைதான். பசியை அளக்க அரசு உதவி பெறுவோர் பட்டியல் போதாதா என்றால், போதாது.

ஹூஸ்டனில் சனிக்கிழமைகளில் இலவச உணவுப்பொருள் வழங்கும் இடத்தில் உதவி செய்கிறேன். ஒருநாள் எட்டு வயதிருக்கும் சிறுமி, ஸ்பானிஷ் மட்டுமே தெரிந்த தன் அம்மாவுக்காகக் கேட்டாள்: "பெயர் எழுதித் தரணுமா?" வேண்டாம் என்ற பிறகே வரிசையில் நின்றார்கள். குடியேற்றச் சிக்கல் வருமோ என்று பயந்து, அமெரிக்காவில் பிறந்த பிள்ளைக்கு உரிய உதவியைக்கூடக் கேட்காத குடும்பங்கள் அந்தப் பட்டியலில் எப்படி வரும்? இந்தக் கணக்கெடுப்பை ஆண்டுதோறும் நடத்தி வெளியிட வேண்டும் என அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமே இயற்ற வேண்டும்.

– ஒரு வாசகர், ஹூஸ்டன்