அப்டேட்ல படுத்த லேப்டாப்புக்கு ஃபார்மேட்தான் வழியா?

ஆசிரியருக்கு வணக்கம். அப்டேட் போட்டதுக்கப்புறம் லேப்டாப் நீலத்திரை காட்டி திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகுதுன்னு கடைக்கு எடுத்துட்டுப் போனா, எங்க ஏரியாவுல முதல் வார்த்தையே "ஃபார்மேட் போட்டுடலாம்"தான். உள்ள பசங்க ப்ராஜெக்ட், கல்யாண போட்டோன்னு என்னென்ன இருக்கும், ஃபார்மேட் போட்டா எல்லாம் அழிஞ்சுடுமேன்னு ஒரு கேள்வி கூட கிடையாது.

விண்டோஸ்லயே இதுக்கு வழி இருக்குங்க. ஆன் ஆகும்போதே பவர் பட்டனை அழுத்திப்பிடிச்சு ஆஃப் பண்ணணும், ரெண்டு மூணு தடவை இப்படி செஞ்சா ரிப்பேர் மெனு தானா வரும், அதுல ட்ரபிள்ஷூட், அப்புறம் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் கொடுத்தா புதுசா வந்த அப்டேட் மட்டும் போகும், நம்ம ஃபைல் அப்படியே இருக்கும். அதுக்கும் மசியலைன்னா சேஃப் மோட்ல (அத்தியாவசியமானது மட்டும் ஓடுற நிலை) திறந்து, திரையை இயக்குற சாஃப்ட்வேரான டிஸ்ப்ளே டிரைவரை பழைய வெர்ஷனுக்கு மாத்திப் பாக்கலாம். நடுவுல டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸோட பிட்லாக்கர் 48 இலக்க சாவி கேட்டா பயப்படவேணாம், பெரும்பாலும் அது உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருக்கும், போன்லயே பாத்துக்கலாம்.

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? க்ரவுட்ஸ்ட்ரைக்ங்கற கம்ப்யூட்டர் பாதுகாப்பு கம்பெனி அனுப்பின ஒரு தப்பான அப்டேட்டால உலகம் பூரா சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர் படுத்துச்சு, நம்ம நாட்டு ஏர்போர்ட்லயே போர்டிங் பாஸையே கையால எழுதிக் கொடுத்தாங்க. அத சரிபண்ணவும் சேஃப் மோட்ல போய் ஒரு ஃபைலை அழிச்சா போதும்னுதான் சொன்னாங்க, ஃபார்மேட் இல்ல (கடைக்காரங்க கவனிக்க!).

உங்க டெக்னாலஜி பக்கத்துல புது போன் விமர்சனத்த ஒரு வாரம் நிறுத்திட்டு இத படத்தோட போடுங்க சார்.

வாசகர், மதுரை