பிரதேச சபைக்குப் பர்மாவில் என்ன வேலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். வடிகானைத் துப்பரவாக வைத்திருக்கத் தெரியாத சபைகள், எங்கோ ஒரு நாட்டில் மனித உரிமை மீறப்படுகிறது என்று சொல்லி ‘இன்ன கம்பெனியிடம் சாமான் வாங்கமாட்டோம்’ என்று தீர்மானம் போடுவது கோமாளித்தனமாம். அமெரிக்காவில் ஒரு மாநிலம் அப்படிச் செய்யப்போய் நீதிமன்றத்தில் மூக்குடைபட்டதாம். வடிகான் விஷயத்தில் அவர் சொன்னது சரி. மாரி காலத்தில் எங்கள் ஒழுங்கைக்கு வந்தால் இன்னும் இரண்டு பந்தி எழுதுவார். மற்றதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு உள்ளூராட்சி சபையில் 28 வருடம் களஞ்சியம் பார்த்தவன் நான். தெருவிளக்கு, விளக்குமாறு, பவுசருக்கு டயர், தள்ளுவண்டி என்று எல்லாம் என் கையெழுத்தோடுதான் உள்ளே வந்தன. ஒரு வருடம் ஆகக் குறைந்த விலை போட்டவரிடம் பன்னிரண்டு தள்ளுவண்டி எடுத்தோம். மூன்று மாதம் போகவில்லை. குப்பை அள்ளுகிற அக்கா ஒருவர் உடைந்த கைபிடியைக் கொண்டுவந்து என் மேசையில், திறந்திருந்த பதிவேட்டுக்கு மேலேயே வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த தடவை இரும்பின் தடிப்பு இத்தனை இருக்க வேண்டும் என்று விவரக்குறிப்பில் எழுதினோம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், விலையை மட்டும் பார்த்து எந்தச் சபையும் வாங்குவதில்லை. விலை போட்டவர் வரி கட்டியவரா, பதிவு இருக்கிறதா, கறுப்புப் பட்டியலில் பெயர் கிடக்கிறதா என்றெல்லாம் இப்போதும் கேட்கிறோம். ‘இந்தக் கம்பெனி ஜனங்களை அடித்து வேலை வாங்குகிற ஒரு இராணுவத்தோடு பங்கு போட்டிருக்கிறதா’ என்று கேட்டால் மட்டும் அது வெளிநாட்டுக் கொள்கையாகிவிடுமா? அந்தக் கேள்வியைச் சந்தையில் மீன் வாங்குகிற மனிசியும் கேட்பாள்.

அவர் சொன்ன மாநிலம் மாசசூசெட்ஸ். 1996 ஜூனில் வந்த அந்தச் சட்டம், அப்போது இராணுவ ஆட்சியில் இருந்த பர்மாவில் (இன்றைய மியன்மாரில்) எதையும் தடைசெய்யவில்லை. பர்மாவில் தொழில் செய்யும் கம்பெனிகளுக்கு ஒரு பட்டியல் வைத்தது, அவ்வளவுதான். பட்டியலில் உள்ளவர் 10 இலட்சம் போடுகிறார், வெளியில் உள்ளவர் 10 இலட்சத்து 80 ஆயிரம் போடுகிறார் என்று வைப்போம். மற்றவருக்குக் கிடைக்கும். அவர் 11 இலட்சத்தைத் தாண்டிவிட்டால் பட்டியல்காரருக்கே போகும். பட்டியல்காரரின் விலையோடு பத்து வீதம் கூட்டிப் பார்ப்பதுதான் கணக்கு. மருந்துச் சாமானுக்கு விலக்கும் இருந்தது. ஒரு களஞ்சியக்காரனாக இதைப் படித்தபோது, எழுதியவருக்கு டெண்டர் தெரியும் என்று நினைத்தேன். அதே 1996இல் ஆப்பிள் கம்பெனி அந்தச் சட்டத்தைக் காரணம் சொல்லியே பர்மாவை விட்டு வெளியேறியது.

இனி அந்த மூக்குடைவு. 2000 ஜூன் 19ஆம் திகதி அமெரிக்க உயர் நீதிமன்றம் சட்டத்தைச் செல்லாது என்றது உண்மை. (அன்று, பர்மாவில் இராணுவ ஆட்சியை எதிர்த்து நின்ற தலைவி ஆங் சான் சூகியின் பிறந்தநாள். பிற்காலத்தில் அவரே ஹேக்கிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குப் போய் அதே இராணுவத்துக்காகப் பேசினார். அது வேறு கதை. ஆனால் மனதை விட்டுப் போவதில்லை.) நீதிபதிகள் சொன்னது என்ன? மாநிலச் சட்டம் வந்து மூன்று மாதத்தில் நாட்டின் நாடாளுமன்றமான காங்கிரஸே பர்மா பற்றித் தனிச் சட்டம் போட்டு, எப்போது இறுக்குவது எப்போது தளர்த்துவது என்பதை ஜனாதிபதியின் கையில் கொடுத்துவிட்டது, மாநிலச் சட்டம் அதற்குக் குறுக்கே நிற்கிறது என்றுதான். காங்கிரஸ் எதுவும் செய்யாதிருந்தால் மாநிலம் இப்படிச் செய்யலாமா என்ற கேள்வியை அவர்கள் தீர்க்கவில்லை. தென்னாபிரிக்காவின் நிறவெறி ஆட்சி விஷயத்தில் அமெரிக்க நகரங்களும் மாநிலங்களும்தான் முந்திக்கொண்டன. அவற்றுக்குப் பின்னால்தான் 1986இல் காங்கிரஸ், ஜனாதிபதி ரீகனின் வீட்டோவையும் மீறித் தடைச் சட்டம் கொண்டுவந்தது. பெரியவர்கள் அசையாதபோது சின்னவர்கள் அசைந்தார்கள்.

நண்பருக்கு இது தூரத்துக் கதையாகத் தெரியலாம். 2024 டிசம்பரில் முள்ளிவாய்க்கால் கரையில் ஒரு படகு ஒதுங்கியது நினைவிருக்கும். பர்மாவின் சிறுபான்மை முஸ்லிம்களான ரோஹிங்யா மக்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர், குழந்தை குட்டிகளோடு. அவர்களைத் துரத்தியது மாசசூசெட்ஸ் பட்டியல் யாரைக் குறிவைத்ததோ அதே இராணுவம். பர்மா எங்களுக்குத் தேக்கு மரமும் அரிசியும் மட்டுமல்ல.

அப்புறம் இன்னொன்று. 2025 மே மாதம் கனடாவில் பிராம்ப்டன் நகரத்துப் பூங்காவில் தமிழின அழிப்பு நினைவுத்தூபி திறக்கப்பட்டது. இலங்கை அரசு கனடா உயர்ஸ்தானிகரை அழைத்து ஆட்சேபம் தெரிவித்தது. பிராம்ப்டனும் தெருவிளக்குப் போடுகிற ஒரு நகரசபைதான். அன்று எங்களில் யாராவது ‘உனக்கேன் இந்த வேலை, போய் வடிகானைப் பார்’ என்று சொன்னோமா? 1990இன் படுகொலைகளை இந்த மண்ணில் கண்டவர்கள் நாங்கள். ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல், செப்டெம்பரில் வந்தாறுமூலை, சத்துருக்கொண்டான். அந்த மாதங்களில் உலகத்தில் ஏதாவது ஒரு பட்டினசபை எங்கள் பெயரை உச்சரித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. எங்களுக்காகப் பேசினால் மனச்சாட்சி, நாங்கள் பேசினால் கோமாளித்தனம் என்றால் தராசில் ஏதோ பிழை.

எதிர்ப்பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. 2010 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் மனித உரிமைக் காரணத்தால் இலங்கை ஏற்றுமதிக்குக் கொடுத்த ஜீஎஸ்பி பிளஸ் என்ற வரிச் சலுகையை நிறுத்தியது. 2017 மேயில்தான் அது திரும்பக் கிடைத்தது. என் அக்காவின் மகள் அப்போது கட்டுநாயக்காவில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வேலை. ஓவர்டைம் குறைந்தது, அதனால்தானா என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ‘மாமா, பிழை விட்டவன் எவனோ, சட்டை தைக்கிறவள் நான்’ என்றாள். பதில் சொல்ல என்னால் முடியவில்லை. ஆனால் அது ஒரு நாட்டின் ஏற்றுமதி முழுவதற்கும் வைத்த சூடு. நான் பேசுவது, தெரிந்துகொண்டே போய்ப் பங்கு சேர்ந்த கம்பெனியைப் பற்றி. அது அங்கிருந்து விலகினால் மறுநாளே பட்டியலிலிருந்து பெயர் எடுபடலாம்.

இதைவிட எனக்குப் பெரிய பயம் ஒன்று உண்டு. ஒரு ஆளுக்கென்றே அளவெடுத்துத் தைத்த விவரக்குறிப்புகளை நான் கண்டிருக்கிறேன். மனித உரிமை என்ற பெயரில் மச்சானின் கடைக்கு வழிவிடுகிற வேலை இங்கே ஒரு கிழமையில் தொடங்கிவிடும். ஆகவே பட்டியலை உறுப்பினர்களின் வாயில் விடக்கூடாது. கேள்விமனு கோருவதற்கு முன்பே அது அச்சில் வந்துவிட வேண்டும். வீதம் எவ்வளவு என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும், தவிசாளர் நினைத்தபடி ஏறி இறங்கக்கூடாது. மருந்து, குளோரின், தீயணைப்புச் சாமான் இதற்குள் வரவே கூடாது. ஒரே ஒருவர்தான் விலை போட்டிருக்கிறார் என்றால் பேசாமல் அவரிடம் வாங்க வேண்டியதுதான்.

இன்றைய நிலையில் ஒரு பிரதேச சபை இதைத் தன்னிச்சையாகச் செய்துவிட முடியாது என்பதும் தெரியும். பெறுகை விதிகள் கொழும்பில் எழுதப்படுபவை. ஆனால் கேட்கத் தடையில்லை. விலைமனுப் படிவத்தில் வற் பதிவு இலக்கத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தால் போதும்: ‘இந்தப் பொருள் எங்கே செய்யப்பட்டது, அங்கே உங்கள் பங்காளி யார்?’ இடம் இல்லை என்று சொல்வார்கள். அடியில் ‘அலுவலகப் பாவனைக்கு மட்டும்’ என்று ஒரு பெரிய பெட்டி இருக்கிறது. என் 28 வருடத்தில் அதற்குள் எவரும் எதுவும் எழுதியதை நான் காணவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற களஞ்சியக் காப்பாளர்,
ஆரையம்பதி.