அந்தப் பட்டியலை மூடி வை, பிள்ளை

அன்புள்ள மகளுக்கு,

எஸ்.ஏ.ரி. பரீட்சைக்கென்று வகுப்பில் தந்ததாக நீ அனுப்பிய சொற்பட்டியலின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 3,500 ஆங்கிலச் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒற்றைச் சொல்லில் ஒரு பொருள், நாளொன்றுக்கு 50 என்று நீ பென்சிலால் இழுத்த கோடுகள். படித்தது இரண்டு நாளில் மறந்துபோகிறது, எனக்கு மூளை இல்லையோ என்று கேட்டிருக்கிறாய். மூளைக்கு ஒரு குறையும் இல்லை. தொலைபேசியில் சொன்னால் "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்றுவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

முதலில் அந்தப் பட்டியலின் பூர்வீகத்தைச் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிற பிள்ளைகள் எழுதும் இந்த எஸ்.ஏ.ரி. பரீட்சை 1926இல் தொடங்கியது. நெடுங்காலம் அது அரிய சொற்களைக் கேட்டுப் பிள்ளைகளை மடக்குகிற பரீட்சையாகவே இருந்தது. எதிர்ச்சொல் கேட்பார்கள். இந்த இரண்டு சொற்களுக்கு இடையில் உள்ள உறவு வேறெந்த இரண்டுக்கு உண்டு என்று கேட்பார்கள். அந்தக் காலத்துக்குப் பட்டியல் பொருத்தம்தான். எதிர்ச்சொல் 1994இல் போயிற்று, உறவுக் கேள்விகள் 2005இல் போயின, தனி வாக்கியத்தில் இடைவெளி நிரப்பும் பகுதி 2016இல் போயிற்று. அமெரிக்காவுக்கு வெளியே 2023இல் பரீட்சையே கணினிக்கு மாறிவிட்டது. இவ்வளவும் நடந்த பிறகும் பட்டியல் மட்டும் போட்டோப்பிரதியாகக் கைமாறிக்கொண்டே இருக்கிறது. உங்கள் வகுப்பில் தந்ததும் அந்த வம்சம்தான். எழுத்துருவைப் பார்த்தாலே தெரிகிறது, யாரோ தொண்ணூறுகளில் தட்டச்சு செய்த பக்கம். அதற்கு அவர்கள் வாங்கும் காசைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, அம்மா இந்தக் கடிதத்தை வாசிப்பாள்.

இப்போதைய வினாத்தாள் வேறு. வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த பகுதியில் 54 கேள்விகள், 64 நிமிடம். அதை 27 கேள்விகள், 32 நிமிடம் என்று இரண்டு பாதியாகத் தருகிறார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் 25 முதல் 150 சொற்களுக்குள் ஒரு சின்னப் பத்தி. முதற்பாதியை நீ செய்யும் விதத்தைப் பார்த்துத்தான் இரண்டாம் பாதியில் எளிய கேள்விகள் கூடுதலா, கடின கேள்விகள் கூடுதலா என்று தீர்மானமாகிறது. இரண்டு பாதியிலும் முதலில் வருபவை சொற்பொருள் கேள்விகள். ஒன்று, பத்தியில் ஓர் இடத்தை வெறுமையாக விட்டு, அங்கே மிகப் பொருத்தமாக நிற்கக்கூடிய சொல்லைக் கேட்பார்கள். மற்றது, பத்தியில் உள்ள ஒரு சொல் அந்த இடத்தில் என்ன பொருள் தருகிறது என்று கேட்பார்கள். "அந்த இடத்தில்" என்பதைக் கவனி. பட்டியலுக்கு இடம் கிடையாது. அதனால்தான் அதை வைத்துப் படிப்பது ஆட்களைக் காணாமல் வாக்காளர் இடாப்பைப் பாடமாக்குவது போல இருக்கிறது.

நான் இத்தனை வருடமாக அச்சகத்தில் புரூப் பார்த்து, அச்சுப்பிழை திருத்திப் பிழைக்கிறவன். இந்த வேலையில் பழகுகிற எவருக்கும் ஒரு விஷயம் விளங்கிவிடும். கோயில் விளம்பரத்தில் "நூதன பிரதிஷ்டா மகா கும்பாபிஷேகம்" என்று நீளமாக வந்தால் எழுத்தெழுத்தாகப் பார்ப்போம். அதில் பிழை தப்புவது அரிது. தப்புவது மேலே பெரிய எழுத்தில் நிற்கும் "அழைப்பிதழ்" என்ற சொல்லில்தான். பழகிய சொல்லைக் கண் வாசிப்பதில்லை, தாண்டிப் போய்விடுகிறது. பரீட்சையிலும் உன்னைக் கவிழ்ப்பது பெரும்பாலும் தெரியும் என்று நீ நினைத்திருக்கும் சொல்லாகவே இருக்கும்.

"சாம்பியன்" என்றால் வென்றவர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாய். அது வினையாக வரும்போது ஒரு கருத்துக்காக முன்னின்று வாதாடுவதைக் குறிக்கும். "நொவல்" கதைப்புத்தகம் மாத்திரமல்ல, பெயரடையாக வந்தால் இதுவரை இல்லாத புதியது. "குவாலிஃபைட்" என்ற சொல்லை வேலைவாய்ப்பு விளம்பரத்தில் தகுதியுள்ளவர் என்று படித்திருக்கிறாய். ஒருவர் ஒரு திட்டத்துக்கு "குவாலிஃபைட்" ஆதரவு தந்தார் என்று பத்தியில் வந்தால், இழுத்துப் பிடித்த, நிபந்தனை போட்ட ஆதரவு என்று அர்த்தம். இந்த இடத்தில் முழுமனதான ஆதரவு என்று எத்தனை பிள்ளைகள் விடை தருவார்கள் என்று நினைத்துப் பார். "சாங்ஷன்" இன்னும் பொல்லாதது. அனுமதி கொடுப்பதும் அதுதான், ஒரு நாட்டின்மேல் தடை போடுவதும் அதுதான். ஆகவே அரிய சொற்களுக்கு முன்னர், நீ நன்றாக அறிந்த சொற்களின் இரண்டாவது முகத்துக்கு ஒரு கொப்பி போடு.

உன் பெரியப்பா இதைக் கேட்டால் சண்டைக்கு வருவார். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நிகண்டு மனப்பாடம் பண்ணித்தானே எங்கள் பூட்டனார் தமிழ் படித்தார் என்பார். உண்மைதான். மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு பன்னிரண்டு தொகுதி. தெய்வப் பெயர், மக்கள் பெயர், விலங்கு, மரம், இடம் என்று இனம் இனமாகச் சொற்கள், எல்லாம் விருத்தப்பாவில். ஒரே சொல்லுக்குப் பல பொருள் சொல்வதற்கென்றே பதினோராவது தொகுதி இருக்கிறது. எதுகையும் ஓசையும் பிடித்துக்கொண்டுதான் அந்தச் சொற்கள் மனதில் நின்றன. அதோடு விட்டார்களா? அதே பிள்ளைகள் கோயிலில் புராண படனத்துக்குப் போய் இருந்தார்கள். ஒருவர் கந்தபுராணப் பாட்டை ராகத்தோடு வாசிப்பார், மற்றவர் பயன் சொல்லுவார். காலையில் சூத்திரமாகப் படித்த சொல் மாலையில் சூரபன்மன் வாயில் வந்து நின்றது. உன் பட்டியலில் ஓசையும் இல்லை, அதற்குப் பின்னால் ஒரு கந்தபுராணமும் இல்லை. பெரியப்பாவுக்கு நான் சொல்லக்கூடிய பதில் இதுதான். ஏற்றுக்கொள்ளமாட்டார், அது வேறு.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. யாழ்ப்பாணத்து நல்லூரில் இருந்த ஜோசப் நைற் பாதிரியார் தமிழ் - ஆங்கில அகராதிக்குச் சொல் சேர்க்கத் தொடங்கினார். அதை முடிக்காமலே அவர் காலமானார். வின்ஸ்லோ பாதிரியார் அதை முடித்துச் சென்னையில் அச்சிட்டது 1862இல். சேர்த்தவர்களுக்கே அவ்வளவு காலம் பிடித்த காரியம். நீ மூன்று மாதத்தில் 3,500 சொல்லை விழுங்கப் பார்க்கிறாய்.

சரி, என்ன செய்வது? இடைவெளிக் கேள்வி வந்தால் விடைகளைக் கையால் மறைத்துக்கொள். உதாரணமாக, ஒரு கடற்பறவை அந்தத் தீவில் அழிந்துவிட்டது என்று ஆய்வாளர்கள் நெடுங்காலம் நம்பினார்கள், இருந்தாலும் அண்மையில் கண்டெடுத்த கூடுகள் அந்த நம்பிக்கையை இன்னது செய்தன என்று ஒரு பத்தி வருகிறது என்று வைத்துக்கொள். "இன்னது" என்ற இடத்தில் நீயே ஒரு சொல்லைப் போடு. ஆங்கிலத்தில் வராவிட்டால் தமிழிலேயே போடு, யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. "ஆட்டங்காணச் செய்தன" என்று உனக்குத் தோன்றும். இப்போது கையை எடு. கன்ஃபர்ம் (உறுதிப்படுத்து), அண்டர்மைன் (ஆட்டங்காணச் செய்), இமிற்றேற் (பார்த்துச் செய்), எக்ஸாஜரேற் (மிகைப்படுத்து) என்று நான்கு சொல் இருந்தால், "அண்டர்மைன்" தவிர மற்றவை தாமாகவே உதிர்ந்துவிடும். விடையைச் சொன்னது "இருந்தாலும்" என்ற இணைப்புச் சொல். "ஹவெவர்", "யெற்", "டிஸ்பைற்" போன்றவற்றைக் கண்டவுடன் உன் பென்சில் அங்கே நிற்க வேண்டும். விடையை முதலில் பார்த்தால் நான்கும் பொருந்துவது போலவே தோன்றும். கேள்வி போடுகிறவர்கள் அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறார்கள்.

மறதியைப் பற்றிக் கவலைப்பட்டாய். எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே பாடமாக்கி, தன் மறதியைத் தானே அளந்து, 1885இல் புத்தகமாக எழுதிவிட்டார். படித்த முதல் சில மணி நேரத்தில்தான் பெரும்பகுதி போகிறது, பிறகு வேகம் குறைகிறது. ஆகவே ஒரே இரவில் ஐம்பது தடவை பார்ப்பதால் பயனில்லை, நாட்களை இடைவிட்டுப் பார்க்க வேண்டும். செபஸ்தியான் லைற்னர் 1972இல் இதற்கு ஒரு சுலபமான வழி சொன்னார். ஒரு பெட்டியை ஐந்து தட்டாகப் பிரி. புதிய அட்டைகள் முதல் தட்டில், அதைத் தினமும் பார். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த தட்டுக்குப் போகும். தட்டு கூடக்கூடப் பார்க்கும் இடைவெளியும் கூடும். பிழைத்தால் எந்தத் தட்டில் இருந்தாலும் முதல் தட்டுக்குத் திரும்பும். சித்தி வீட்டில் காலி பிஸ்கட் தகரம் ஒன்று இல்லாமல் இருக்காது.

அட்டையில் சொல்லையும் பொருளையும் எழுதாதே. முன்பக்கத்தில் நீ வாசித்த வாக்கியத்தை அந்தச் சொல் இல்லாமல் எழுது, பின்பக்கத்தில் சொல்லை எழுது. பார்த்து வாசிப்பது படிப்பு ஆகாது. மறைத்து வைத்துவிட்டு நினைவிலிருந்து இழுத்து எடுக்கும்போதுதான் பதியும். நாளுக்குப் பத்து அட்டை போதும். எழுத்துக்கூட்டல் பிழைத்தால் மனம் உடைந்துபோகாதே. நான் இப்படி எழுத நேரும் என்று நினைக்கவில்லை, ஆனால் அந்தப் பரீட்சையில் எழுத்துக்கூட்டல் கேட்பதில்லை.

வாக்கியங்களுக்கு எங்கே போவது என்று கேட்பாய். பத்திகள் விஞ்ஞானம், வரலாறு, சமூகம், கலை, இலக்கியம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகின்றன. நீ உயிரியல் படித்தவள், விஞ்ஞானக் கட்டுரை உனக்குப் பயமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலில் ஒரு பக்கமும், ஒரு கவிதையும் தினமும் வேண்டும். கவிதை என்றால் நீ முகத்தைச் சுழிப்பாய் என்று தெரியும். சத்தமாக வாசி, சித்தி வீட்டார் சிரித்தால் சிரிக்கட்டும். பரீட்சையை நடத்தும் காலேஜ் போர்ட்டின் புளூபுக் செயலியில் முழுநீள மாதிரிப் பரீட்சைகள் இலவசமாக இருக்கின்றன, கான் அகடமி இணையத்தளத்திலும் பயிற்சி உண்டு. வகுப்புக்காரர் விற்கும் மாதிரித்தாளுக்கு முன் அவற்றைச் செய்து முடி.

சொல்லின் வேர் படிக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். "பெனி" நன்மை, "மால்" தீமை என்ற அளவில் ஒரு முப்பது வேர் தெரிந்தால் உதவும். அதற்குமேல் அதில் காலத்தைச் செலவழிக்காதே, வேரை நம்பிப் பொருளை ஊகித்து விழுந்தவர்களும் உண்டு. விடை தெரியாத கேள்வியை மட்டும் வெறுமையாக விடாதே. 2016இலிருந்து பிழைக்குப் புள்ளி கழிப்பதில்லை.

கல்யாண அழைப்பிதழ் வெட்டும்போது மிஞ்சும் கீலங்களை ஒரே அளவாக நறுக்கி, ஒரு கட்டு அட்டை செய்திருக்கிறேன். சிலவற்றில் தங்க நிற ஓரம் இருக்கும், பொறுத்துக்கொள். வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். விடியப்புறம் வெள்ளவத்தையில் இறக்குவார்கள், சித்தப்பாவை அனுப்பு, நீ தனியே போய் நிற்க வேண்டாம். ஒடியல் மா சித்திக்கு, பருத்தித்துறை வடை உனக்கு. முதல் பத்து அட்டையை எழுதியதும் இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பு. வாக்கியங்களைப் பார்த்துத் திருத்தி அன்றிரவே அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா