கயிற்றின் நுனி வெளியே இருக்கட்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டி வலி வழக்கம்போல வந்து போகிறது. வெயில் இன்னும் இறங்கவில்லை. மத்தியானத்தில் நம் மெக்கானிக் ஷெட்டுத் தகரத்துக்குக் கீழே உட்கார முடிவதில்லை.

நேற்று நீ போன் செய்தபோது காட்பாடி ரயில்வே பாலத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். லாரி ஹாரனில் நான் சொன்னது பாதி உனக்குக் கேட்டிருக்காது. நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொன்ன விதத்திலேயே தெரிந்தது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்துவிட்டு எடுத்து வை. பட்டறைக்குப் போகும்போது கையில் கொண்டு போ.

உன் கார் நீலப் புகை விடுகிறது என்று போனதற்கு, இன்ஜினை இறக்க வேண்டும், போர் பண்ண வேண்டும், அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைய வேண்டும், 45,000 ஆகும் என்று அந்தப் பட்டறைக்காரர் சொன்னாரே, அதற்கு முன்னால் என்னென்ன பார்த்தார் என்று கேட்டேன். "சைலன்ஸரைப் பார்த்தார்" என்றாய். அவ்வளவுதானா கண்ணு? புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, அது வரைக்கும் அவர் சொன்னது சரி. ஆனால் ஆயில் மேலே வால்வு வழியாக இறங்கியும் எரியும், கீழே பிஸ்டனைச் சுற்றி அடைக்கும் ரிங்கைத் தாண்டி ஏறியும் எரியும். நிறம் ரெண்டுக்கும் ஒன்றுதான். எந்த வழி என்று தெரிய, புகை எந்த நேரத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும்.

உன் வண்டியில் எப்போது வருகிறது? ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் குபுக்கென்று ஒரு நீலப் புகை. ரெண்டு நிமிஷத்தில் நின்றுவிடுகிறது. சிக்னலில் கொஞ்ச நேரம் நின்று கிளம்பினால் மறுபடி கொஞ்சம். இது நீயே சொன்னது. பொங்கலுக்கு ஏலகிரி போனோமே, அப்போது நானும் ஒன்று பார்த்தேன். சித்தப்பா வண்டியில் உனக்குப் பின்னால்தான் வந்தேன். ஏறும்போது 14 வளைவிலும் உன் சைலன்ஸரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து பேர், மூட்டை முடிச்சு, ரெண்டாவது கியர், இன்ஜின் திணறியது. துளி புகை இல்லை. இறங்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு கியரிலேயே வந்தாய். கீழே சமதரைக்கு வந்து மறுபடி மிதித்தாய் பார், அப்போது வந்தது ஒரு நீலப் பந்து. சித்தப்பா கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

காரணம் இதுதான். காலை எடுத்தால் இன்ஜினுக்குக் காற்று விடும் கதவு, த்ராட்டில், மூடிக்கொள்ளும். இன்ஜின் சுற்றிக்கொண்டே இருப்பதால் காற்று உள்ளே போகும் இன்டேக் பக்கம் பலமாக உறிஞ்சும். வால்வுத் தண்டின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் ரப்பர் சீல் சூட்டில் காய்ந்து கெட்டிப்பட்டுப் போயிருந்தால், இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டில் இருக்கும் ஆயிலை, தண்டு ஏறி இறங்கும் கைடு குழாய் வழியாக அந்த உறிஞ்சல் உள்ளே இழுத்துவிடும். அடுத்து மிதிக்கும்போது அது எரியும். ராத்திரியில் அதே சீல் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கித் தேங்கியதுதான் காலைப் புகை. ரிங் தேய்ந்த வண்டி இப்படி நடந்துகொள்ளாது. அது ஏற்றத்தில், பாரத்தில், மிதிக்க மிதிக்கப் புகையும். எனக்குத் தெரிந்த வரையில் உன் வண்டிக்கு வால்வு சீல்தான். ஆனாலும் பார்க்காமல் சொன்னால் அந்தப் பட்டறைக்காரருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அதனால் சிலதை நீ பார்த்துச் சொல்ல வேண்டும்.

முதலில் சுலபமானது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திற. லேசாகக் காற்று வந்தால் பரவாயில்லை. கரி ரயில் மாதிரி புஸ் புஸ்ஸென்று புகை தள்ளினால் ரிங் மேல் சந்தேகப்படலாம். அங்கேயே ஹெட்டின் மேல் மூடியான டேப்பட் கவரிலிருந்து இன்டேக்குக்கு ஒரு ஹோஸ் போகும். அதன் முனையில் பிசிவி வால்வு என்று ஒரு சின்ன உருப்படி இருக்கும். கழற்றிக் குலுக்கினால் உள்ளே கடகடவென்று ஆட வேண்டும். அடைத்தோ திறந்தபடியோ சிக்கிக்கொண்டால் அதுவும் ஆயிலை இழுத்து நீலப் புகை விடும். இதைப் பார்க்காமல் இன்ஜின் பிரித்தவர்கள் உண்டு. ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி ஆயில் நிற்கிறதா என்றும் பார்.

பிறகு கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று கேஜ் வைத்துப் பார்ப்பது. இதைப் பட்டறையில்தான் செய்ய வேண்டும், பக்கத்தில் நில். மூன்று பிளக்கையும் கழற்றி, பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடிக்கச் சொல். கேஜில் 150லிருந்து 180 பிஎஸ்ஐக்குள் வந்தால் பெட்ரோல் வண்டிக்கு நல்லது. ஒரு சிலிண்டருக்கும் இன்னொன்றுக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. ஏதாவது ஒன்று குறைந்தால் அதில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கச் சொல். முள் ஏறினால் ரிங். ஆயில் சுற்றிலும் அடைத்துக்கொள்வதால் ஏறுகிறது. ஏறாவிட்டால் வால்வோ, ஹெட்டுக்கு அடியில் அடைப்பாக இருக்கும் கேஸ்கெட்டோ. மூன்றும் நன்றாக இருந்து காலையில் மட்டும் புகை என்றால் போரைத் தொட விடாதே.

வெள்ளைப் புகை பற்றியும் கேட்டாய். பெங்களூரில் மார்கழிக் காலையில் வருவது வெறும் நீராவி. சைலன்ஸர் சூடானதும் நின்றுவிடும், அதற்கெல்லாம் பயப்படாதே. சூடான பிறகும் அடர்த்தியாக வந்து, வாசனை தித்திப்பாக இருந்து, கூலன்ட் குறைந்துகொண்டே வந்தால்தான் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. அப்படி வந்தால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதே. அலுமினிய ஹெட் சூட்டில் வளைந்துவிடும், பிறகு லேத்தில் கொடுத்து, மட்டமாகக் கடைய ஃபேஸிங் போட வேண்டும். நம் பக்கம் இது அதிகம் வரும். பாலாற்றங்கரை போர்வெல் தண்ணீர் உப்பு. கூலன்ட்டுக்குக் காசு பார்த்து அந்தத் தண்ணீரையே ஊற்றுவார்கள். ரேடியேட்டர் உள்ளே சுண்ணாம்பு கட்டிப்போய், மே மாதத்தில் வாணியம்பாடி தாண்டுவதற்குள் கொதித்துவிடும். சூட்டில் ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்காதே. என் இடது முழங்கைத் தழும்பை நீ சின்ன வயதில் தடவித் தடவிக் கேட்பாயே, அது அப்படி வந்ததுதான்.

கறுப்புப் புகை உனக்கு வரவில்லை, விடு. வந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, முதலில் ஏர் ஃபில்டரைப் பார்.

இப்போது ஒரு விஷயம். இதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

நீ மூன்றாவது படித்துக்கொண்டிருந்தபோது குடியாத்தத்துக்காரர் ஒருவர் மாருதி வேன் வைத்திருந்தார். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளைக் கூட்டி வருவார், கூட்டிப் போவார். அதுதான் பிழைப்பு. நீலப் புகை என்று வந்தார். கம்ப்ரஷன் கேஜ் அன்று என்னிடம் இல்லை. புகையைப் பார்த்தேன், போர் என்றேன். இன்ஜின் இறக்கி, போர் பண்ணி, ரிங் மாற்றி, பத்து நாள் வண்டி ஷெட்டில் கிடந்தது. ஹெட் கழற்றியபோது பழைய வால்வு சீலைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது என்று மேலோட்டமாகத் துடைத்து அதையே திரும்பப் போட்டேன். ஒரு செட் வாங்கி வர ஆளனுப்பச் சோம்பல், வேறொன்றும் இல்லை. வண்டியை எடுத்துப் போன மறுநாள் காலையிலேயே திரும்பி வந்தார். அதே புகை. மனைவியின் கம்மலை வைத்துத்தான் எனக்குப் பணம் கொடுத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. நான் காசு வாங்காமல் சீல் மாற்றிக் கொடுத்தேன். புகை நின்றது. அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். ரிங் தேவையே இல்லாமல் இருந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அந்த வாரமே போய் கேஜ் வாங்கினேன்.

உன் வண்டி விஷயத்திலும் என் தப்பு ஒன்று இருக்கிறது. வாங்கும் முன் பார்க்க என்னைக் கூட்டிப் போனாயே, பானெட்டைத் தொட்டபோது சூடாக இருந்தது. விற்பவர் முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தார். ஆறிய வண்டியைத்தான் பார்க்க வேண்டும், ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். மாப்பிள்ளை பக்கத்தில் நிற்கிறாரே என்று கூச்சப்பட்டு விட்டுவிட்டேன். டிப் ஸ்டிக்கில் ஆயிலும் தேன் மாதிரி கெட்டியாக இருந்தது. புகையை மறைக்க அப்படி ஊற்றுவது பழைய தந்திரம். நீ முதல் சர்வீஸில் கம்பெனி சொன்ன ஆயிலுக்கு மாற்றியதும் சாயம் வெளுத்துவிட்டது. அதற்காக மறுபடி கெட்டி ஆயில் போடு, பாட்டிலில் வரும் மருந்து ஊற்று என்று யாராவது சொன்னால் கேட்காதே.

வால்வு சீல் மாற்ற ஹெட்டைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை. சீல் விலை கம்மி, கூலிதான் ஆகும். ஸ்பிரிங்கை எடுத்தால் வால்வு உள்ளே விழுந்துவிடும் என்பதுதான் ஒரே கஷ்டம். கம்ப்ரஸர் இருக்கிற இடத்தில் பிளக் ஓட்டை வழியாகக் காற்றேற்றி வால்வைத் தாங்கிப் பிடிப்பார்கள். எங்கள் ஷெட்டில் கம்ப்ரஸர் வருவதற்கு முன்பு கயிறுதான். பிஸ்டன் கொஞ்சம் கீழே இருக்கும்போது பிளக் ஓட்டையில் நைலான் கயிறைச் சுருள் சுருளாக உள்ளே விட்டு, கையால் கிராங்க்கைத் திருப்பினால் பிஸ்டன் மேலே வந்து கயிறை வால்வோடு சேர்த்து அழுத்தும். வால்வு அசையாது. ஒருமுறை நம் ஷெட்டுப் பையன் நுனியையும் சேர்த்து உள்ளே தள்ளிவிட்டான். கொக்கிக் கம்பி வைத்து அதை எடுக்க ஒரு ராத்திரி போனது. பையன் அழுதுவிட்டான். பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.

ரொம்ப நாள் தள்ளிப்போடாதே. எரிகிற ஆயில், சைலன்ஸர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். அதன் விலைக்கு இந்த வேலையைப் பல தடவை செய்துவிடலாம். அதுவரை வாரம் ஒருமுறை காலையில் டிப் ஸ்டிக் பார். புகையால் இன்ஜின் கெடாது, ஆயில் தீர்ந்துபோனால் கெடும்.

மூன்று சிலிண்டருக்கும் வந்த கம்ப்ரஷன் நம்பரை எழுதி அனுப்பு. ஒருவேளை ரிங்தான் என்று வந்தால் அங்கே எதையும் பிரிக்க வேண்டாம், வண்டியை இங்கே கொண்டு வா. 200 கிலோமீட்டர்தானே. ராணிப்பேட்டையில் நான் நம்பும் லேத்துக்காரர் இன்னும் கடை வைத்திருக்கிறார். ஆடிக் கிருத்திகைக்கு வருவதாக இருந்தால் அப்படியே ரத்தினகிரி முருகன் கோயிலுக்கும் போய்விட்டு வரலாம் என்கிறாள் அம்மா.

பஸ்ஸில் ஒரு பார்சல் போட்டிருக்கிறேன். அம்மா இலவம்பாடி முள் கத்திரிக்காயும் ஆற்காடு மக்கன் பேடாவும் வைத்திருக்கிறாள். கத்திரிக்காயை அன்றைக்கே எடுத்துச் சமைத்துவிடு. அடியில் பேப்பரில் சுற்றி என் பழைய நைலான் கயிறு இருக்கிறது. பட்டறையில் கம்ப்ரஸர் இல்லாவிட்டால் கொடு. ஒரு நுனியில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். அந்த நுனி கடைசி வரை பிளக் ஓட்டைக்கு வெளியே இருக்க வேண்டும் என்று சொல்.

இப்படிக்கு,
அப்பா