மொத்தம் பூஜ்ஜியம் என்று வந்தால் தலைப்பைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதுகலை மாணவர்கள் திட்ட ஆய்வேட்டை முடிக்கும் மாதங்களில் புள்ளியியல் ஆய்வகங்களில் தவறாமல் கேட்கும் புலம்பல் ஒன்று உண்டு: "நெடுவரிசை கண்ணெதிரே இருக்கிறது, ஆர் மட்டும் இல்லை என்கிறது." (ஆர் என்பது புள்ளியியல் கணக்குகளுக்கான கணினி மொழி.) தங்கள் நாளிதழை வாசிக்கும் மாணவர்களுக்கும், அவர்களுக்குத் தரவுக் கோப்பு தயாரித்துத் தரும் அலுவலகங்களுக்கும் உதவும் என்று இதை எழுதுகிறோம். (அட்டவணையில் மேலிருந்து கீழாகச் செல்லும் வரிசையைக் கணிதப் பாடநூல் நிரல் என்கிறது, கணினிப் பாடநூலோ புரோகிராமுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டது. ஆகவே இங்கே நெடுவரிசை என்றே வைத்துக்கொள்வோம்.)

'அன்டிஃபைன்ட் காலம்ஸ் செலக்டட்' (இல்லாத நெடுவரிசையைக் கேட்கிறீர்கள்) என்று ஆர் சொன்னால் முதலில் தேட வேண்டியது காற்புள்ளியை. சதுர அடைப்புக்குள் காற்புள்ளிக்கு முன்னால் வரிகள், பின்னால் நெடுவரிசைகள். தரவு[தரவு$வயது > 30, ] என்று எழுதுவதற்குப் பதில் தரவு[தரவு$வயது > 30] என்று எழுதினால், முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களின் வரிகளைக் கேட்பதாக ஆர் நினைக்காது. நெடுவரிசைகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதாக எடுத்துக்கொள்ளும். அட்டவணையில் 12 நெடுவரிசை, 400 வரி என்றால் 400ஆவது நெடுவரிசைக்கு எங்கே போவது?

காற்புள்ளி சரியாக இருந்தால் பிழை பெயரில் இருக்கிறது. திரையில் தெரியும் பெயரை நம்பக் கூடாது. ஆரில் நேம்ஸ் கட்டளையாலும், பைத்தான் மொழியின் பாண்டாஸ் தொகுப்பில் தலைப்புகளைப் பட்டியலாக மாற்றியும் அச்சிட்டுப் பாருங்கள். ஆரில் சிஎஸ்வி கோப்பைப் படிக்கும் ரீட் டாட் சிஎஸ்வி கட்டளை, தானாகவே பெயர்களைத் திருத்தும் பழக்கம் உள்ளது: தலைப்பின் நடுவே உள்ள இடைவெளியைப் புள்ளியாக்கும், 2011 என்று எண்ணில் தொடங்கும் தலைப்பின் முன்னால் எக்ஸ் எழுத்தைச் சேர்க்கும். செக் டாட் நேம்ஸ் என்ற விருப்பத்தை ஃபால்ஸ் ஆக்கினால் இந்தத் திருத்தம் நிற்கும். அதன்பின் 2011 என்ற தலைப்பைச் சாய்ந்த ஒற்றைக் குறிக்குள் எழுத வேண்டும். இல்லாவிட்டால், ஆரின் கூடுதல் தொகுப்பான டிபிளையரில் நெடுவரிசைகளைத் தேர்ந்தெடுக்கும் செலக்ட் கட்டளை இரண்டாயிரத்துப் பதினொன்றாவது நெடுவரிசையைத் தேடிப் போகும்.

கேட்ட பெயர் இல்லை என்று பாண்டாஸ் தரும் கீ எரர் வேறு வகை. தலைப்பின் கடைசியில் ஒட்டிய இடைவெளியைப் பாண்டாஸ் அப்படியே வைத்துக்கொள்கிறது. எக்ஸெல் கட்டத்துக்குள் ஆல்ட்டும் என்டரும் தட்டி இரண்டு வரியாக எழுதிய தலைப்பு என்றால் வரி முறிவும் பெயரோடு வரும். ஓரங்களில் உள்ளவற்றை ஸ்ட்ரிப் கட்டளை நீக்கிவிடும், நடுவில் உள்ளவற்றைத் தனியாக மாற்ற வேண்டும். எக்ஸெலில் 2011 எண்ணாக இருந்தால் பாண்டாஸுக்கும் அது எண்தான். மேற்கோளுக்குள் போட்டுக் கேட்டால் கிடைக்காது. இரண்டு நெடுவரிசை வேண்டுமென்றால் சதுர அடைப்பும் இரண்டு அடுக்கு வேண்டும். ஒரே அடுக்கில் இரண்டு பெயர்களை எழுதினால், அந்த இரட்டையையே ஒற்றைப் பெயராகக் கொண்டு தேடும்.

தமிழில் தலைப்பு வைப்பவர்கள் சந்திக்கும் சிக்கல் ஒன்று இருக்கிறது. பாடநூல்களில் அது அரிதாகவே பேசப்படுகிறது. 'மொத்தம்' என்ற சொல்லின் முதல் எழுத்தை, எழுத்துகளுக்கு எண் தரும் யுனிகோட் முறையில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். மகரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்ப்பது ஒன்று: குறியீட்டு எண்கள் 2990, 3018. மகரத்தோடு எகரக் குறியையும் கால் குறியையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொன்று: 2990, 3014, 3006. திரையிலும் தாளிலும் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். யுனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்ததை மாற்றித் தரும் கருவிகள் வழியாக வந்த கோப்புகளில் இரண்டாம் வகை நேரலாம். தொகை, தொழில், கோவை, போக்குவரத்து என ஒகர, ஓகாரம் வரும் தலைப்பு எதிலும் இதே கதைதான்.

கண்டுபிடிக்க, ஆரில் யுடிஎஃப்8டுஇன்ட் கட்டளையில் தலைப்பைக் கொடுத்து எண்களைப் பாருங்கள். சரிசெய்ய, ஆரின் ஸ்ட்ரிங்கி தொகுப்பில், பிரிந்து கிடக்கும் குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றும் கட்டளை உண்டு. பைத்தானில் யுனிகோட்டேட்டா தொகுப்பின் நார்மலைஸ் அதே வேலையைச் செய்யும். கோப்பைத் திறந்தவுடன் எல்லாத் தலைப்புகளையும் ஒருமுறை இதில் போட்டு எடுத்துவிடலாம். ஆனால் 'பௌதிகம்' என்று எழுத வேண்டிய இடத்தில் எகரக் குறியும் ளகரமும் தட்டப்பட்டிருந்தால் என்எஃப்சி கைகொடுக்காது. ஏனென்றால் அது எழுத்துப்பிழை. ஒரே எழுத்தின் மாற்று வடிவம் அல்ல. அதைத் தேடித்தான் திருத்த வேண்டும்.

விண்டோஸில் எக்ஸெலிலிருந்து யுடிஎஃப்-8 சிஎஸ்வியாகச் சேமித்த கோப்பில் முதல் நெடுவரிசை மட்டும் கிடைக்கவில்லை என்றால், கோப்பின் தொடக்கத்தில் ஒளிந்திருக்கும் பிஓஎம் குறியைச் சந்தேகியுங்கள். ஆரின் ரீட் டாட் சிஎஸ்வி கட்டளையில் ஃபைல் என்கோடிங் விருப்பத்தில் யுடிஎஃப்-8-பிஓஎம் என்று கொடுத்தால் போதும். ஆரில் செலக்ட் கட்டளை 'அன்யூஸ்ட் ஆர்கியுமென்ட்' (கொடுத்த விவரம் பயன்படவில்லை) என்று முறைத்தால், டிபிளையருக்குப் பிறகு மாஸ் தொகுப்பை அழைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அதிலும் செலக்ட் என்ற பெயரில் ஒரு கட்டளை உண்டு. பின்னால் வந்தது முன்னதை மறைத்துவிடும். கட்டளையின் முன்னால் டிபிளையரின் பெயரையும் இரட்டை முக்காற்புள்ளியையும் சேர்த்து எழுதினால் தீர்ந்தது.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் சத்தம் போடும் பிழைகள். சத்தமில்லாமல் தவறான விடையைத் தருபவைதான் எங்களை அச்சுறுத்துகின்றன. ஆரின் சாதாரண அட்டவணையில் டாலர் குறியோடு இல்லாத பெயரை எழுதினால் பிழைச் செய்தி வராது. நல் என்ற வெறுமை வரும். நல்லைக் கூட்டச் சொன்னால் ஆர் கொஞ்சமும் தயங்காமல் பூஜ்ஜியம் என்கிறது. இன்னும் மோசம், அரைகுறைப் பெயரையும் டாலர் குறி ஏற்றுக்கொள்ளும். 'வருமா' என்று எழுதினால், அப்படித் தொடங்கும் தலைப்பு 'வருமானவரி' ஒன்றுதான் என்றால், அதை எடுத்துக் கொடுத்துவிடும். நீங்கள் கேட்க நினைத்த 'வருமானம்' அந்தக் கோப்பில் இல்லவே இல்லை என்பது தெரியவே தெரியாது. வார்ன் பார்ஷியல் மேட்ச் டாலர் என்ற விருப்பத்தை ட்ரூ ஆக்கினால் எச்சரிக்கை வரும். எங்கள் பரிந்துரை அதற்கும் ஒரு படி மேல்: ஆய்வேட்டுக்குப் போகும் புரோகிராமில் டாலர் குறியே வேண்டாம். தரவு[, "வருமானம்"] என்று முழுப் பெயரோடு எழுதுங்கள். பெயர் இல்லையென்றால் அது அங்கேயே நின்றுவிடும்.

முழுக்கக் காலியாக உள்ள நெடுவரிசைகளை நீக்க, நிபந்தனை பொருந்தும் இடங்களின் எண்களைத் தரும் விச் கட்டளையை ஆரில் கழித்தல் குறியோடு போடுவது இன்னொரு பொறி. காலியான நெடுவரிசை ஒன்றுகூட இல்லையென்றால் விச் வெறும் கையோடு திரும்பும். வெறுமையின் முன்னால் கழித்தல் போட்டாலும் வெறுமைதான். விளைவு, எல்லா நெடுவரிசையும் போய்விடும். கழித்தலும் விச்சும் இல்லாமல் நிபந்தனையின் முன்னால் ஆச்சரியக்குறி போடுவதே பாதுகாப்பு.

நெடுவரிசையைப் பெயரால் கேட்காமல் ஏழாவது, எட்டாவது என்று இடத்தால் கேட்பதை அடியோடு விட்டுவிடலாம். அடுத்த ஆண்டுக் கோப்பில் நடுவே ஒன்று கூடினால் புரோகிராம் ஓடும், விடை மட்டும் மாறும். நெடுவரிசை இடம் மாறுவது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் நடந்ததைப் பார்க்கலாம். புரதங்களின் வடிவத்தைக் கண்டறிய ஜெஃப்ரி சாங்கின் குழு பயன்படுத்திய சொந்த மென்பொருள், இரண்டு தரவு நெடுவரிசைகளை இடம் மாற்றிவிட்டது. எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. சுவிட்சர்லாந்துக் குழு ஒன்று 2006இல் வெளியிட்ட வடிவம் முரண்பட்ட பிறகே அது தெரியவந்தது. ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் முதலாவது 2001இலேயே வெளிவந்தது.

தரவை வெளியிடும் அலுவலகங்களிடம் எங்கள் வேண்டுகோள் சிறியது. தலைப்பு ஒரே வரியில் இருக்கட்டும்; கட்டங்களை இணைக்க வேண்டாம்; 'ரூபாய் லட்சத்தில்' போன்ற அளவுக் குறிப்பைத் தலைப்போடு ஒட்டாமல் தனித்தாளில் கொடுங்கள்; ஆண்டுதோறும் அதே பெயரை அதே எழுத்தில் வையுங்கள். மாணவர்கள், தேர்ந்தெடுத்த நெடுவரிசையின் முதல் மூன்று மதிப்புகளையும் கடைசி மூன்று மதிப்புகளையும் மூலக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டுவிட்டு, அதன்பிறகு சராசரி எடுக்கட்டும்.

இப்படிக்கு,
புள்ளியியல் ஆய்வகப் பயிற்றுநர்கள்,
திருச்சிராப்பள்ளி