காலிங் பெல்லை அடிக்காதே

அன்புள்ள கண்ணா,

நீ வர இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்பாய், மறந்தும்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கரியன் வந்து ஐந்து வாரம் ஆகிறது. எடை 36 கிலோ. இந்த வயதில் உங்களுக்கு எதற்கு இவ்வளவு பெரிய நாய் என்று கேட்டாயே, அப்பாவும் சின்ன நாயைப் பார்க்கத்தான் போனார். காப்பகத்தில் மற்ற நாய்களெல்லாம் கம்பியில் ஏறிக் குதிக்க, இவன் மட்டும் பின்சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். "வருகிறவர்கள் இவன் முதுகை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள்" என்றாள் அங்கே வேலை செய்யும் பெண். சத்தமில்லாத வீடாக இருந்தால்தான் தருவார்களாம். நீ போனதிலிருந்து நம் வீட்டில் என்ன சத்தம்?

முதல் நாள் சோபாவுக்குப் பின்னால் போய்ப் படுத்தவன்தான். நாங்கள் தூங்கிய பிறகே சாப்பிட்டான். தொட்டாலும் அசையவில்லை. எவ்வளவு சாது என்று நான் பூரித்துப்போனேன். டாக்டர்தான் சொன்னார், அது சாதுத்தனம் இல்லை, பயத்தில் உறைந்துபோயிருக்கிறான், தொடாதீர்கள் என்று. வெட்கமாகிவிட்டது எனக்கு. மிரட்சி தெளிய மூன்று நாள், வீட்டின் நடைமுறை பிடிபட மூன்று வாரம், இது நம் வீடு என்று நம்ப மூன்று மாதம் என்று காப்பகத்தில் ஒரு கணக்கு சொல்லி அனுப்பினார்கள். கரியன் கணக்கில் கொஞ்சம் மந்தம்.

அப்பாவைப் பார்க்க வேண்டுமே நீ! காலையில் பேப்பரை எடுத்துக்கொண்டு தரையில், அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார். அவ்வப்போது ஓர் இறைச்சித் துண்டைத் தூக்கிப் போடுவார், தன் பக்கம் இல்லை, அவனுக்கும் பின்னால். கையில் வைத்துக் கூப்பிட்டால் பசி அவனை இழுத்துவந்துவிடும், ஆனால் தின்று முடித்ததும் இவ்வளவு கிட்டே வந்துவிட்டோமே என்று பதறிப்போவான். தள்ளிப் போட்டால் விலகிப் போய்த் தின்பான், பிறகு தானாக வருவான். ஒன்பதாம் நாள் அவன் மூக்கு அப்பாவின் முழங்கையில் பட்டது. அவர் திரும்பவே இல்லை. பேப்பரில் ஒரு பக்கத்தைப் புரட்டினார், அவ்வளவுதான். நான் அடுக்களையில் நின்று அழுதேன்.

வழவழத் தரையில் கால் வழுக்கிப் பயந்ததால் சோபாவிலிருந்து பின்கதவு வரை பாய் விரித்திருக்கிறோம். வீடு பார்க்க நன்றாக இல்லைதான். சுருட்டி வைத்துவிடாதே.

இனி உன் விஷயம். எந்த நாயைக் கண்டாலும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறவன் நீ. இவனிடம் அது வேண்டாம். கண்ணுக்குள் பார்க்காதே, மேலே குனியாதே, தலையில் கை வைக்காதே. அவனே வந்து மோந்து பார்க்கட்டும், இரண்டு நாள் ஆனாலும் சரி. வந்து நின்றால் தாடைக்குக் கீழே மெல்லச் சொறிந்துவிட்டுக் கையை எடுத்துவிடு. இன்னும் வேண்டுமென்றால் மூக்கால் இடிப்பான். தூக்கமில்லாமலே கொட்டாவி விட்டால், உதட்டை நக்கினால், முகத்தைத் திருப்பிக்கொண்டு வெள்ளை விழி தெரியக் கடைக்கண்ணால் பார்த்தால், போதும் என்கிறான் என்று அர்த்தம். உறுமினால் அதட்டாதே, தள்ளிப் போ. உறுமாதே என்று அடக்கிவைத்த நாய் சொல்லாமலே கடித்துவிடக்கூடும்.

போன வாரம் வாசலில் யாரோ காலிங் பெல்லை அடிக்க, வெளியே கிளம்பி நின்றவன் பின்னாலேயே இழுத்துக் கழுத்துப்பட்டையைத் தலைவழியாகக் கழற்றிவிட்டான். கேட் பூட்டியிருந்ததால் பிழைத்தோம். தெருவுக்கு ஓடியிருந்தால் அந்தப் பயத்தில் நாங்கள் கூப்பிட்டாலும் வந்திருக்க மாட்டான். இப்போது நெஞ்சுப் பட்டையும் மாட்டி, இரண்டிலும் கயிறு கோத்துத்தான் கூட்டிப்போகிறோம்.

அதனால் நீ வந்ததும் பெல்லை அடிக்காதே. கேட்டிலிருந்து போன் பண்ணு, நான் வந்து திறக்கிறேன். பெட்டியை உருட்டாமல் தூக்கிக்கொண்டு வா. அப்பா எழுந்து வரவில்லையே என்று நினைக்காதே. அந்த நேரத்தில் கரியன் அவர் காலில் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருப்பான்.

அன்புடன்,
அம்மா